செட் ஆகிற வரைக்கும் பேசக் கூடாது

இந்த 'செட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவன் எவனோ, அவன் நாசமாய்ப் போக. சோபா செட், கம்மல் செட், மைக் செட் என்று சாமானோடு நின்றிருந்தால் எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. கூடப் படித்தவர்களை 'எங்க செட்டு' என்கிறோம், மக்கர் பண்ணுகிற டிவியை 'கொஞ்சம் செட் பண்ணிக் குடு' என்கிறோம், அதுவும் போகட்டும். என் அக்காவுக்குச் சோறு போடுவதே இந்த வார்த்தைதான். அவள் பல்செட் செய்கிறவள். அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டதும் இதே வார்த்தைதான்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பின்னறை அக்காவுடையது. ஜன்னலோரம் மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன விளக்கு, அச்சு வார்க்கிற மாவு டப்பாக்கள், அலமாரி முழுக்க யார் யாருடைய ஈறுகளின் அச்சுகளோ. முன்னால் டோக்கன் கொடுக்கிற மேசை என்னுடையது. அக்கா மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் கடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவாள். "சிரிச்சா பல்லு தெரியணும்டி, பல்செட் தெரியக் கூடாது" என்பாள். அப்படிப்பட்ட கை.

அவள் புருஷன், மகள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த வயதில், "நமக்குள்ள செட் ஆகல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கடையில் எடுத்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. போனவன் வாயை மூடிக்கொண்டு போனானா? "அவளுக்கு வேலை செய்யற இடத்துல ஒரு செட்டப் இருக்கு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தான். செட்டப் வைத்திருந்தது அவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனி வீடே எடுத்து வைத்திருந்தான், படுபாவி.

நான் அன்றைக்கே சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா விடவில்லை. "நாம கத்தினா இன்னும் நாலு பேருக்குத் தெரியும், விட்டுடு" என்றாள். விட்டோம். அந்தப் பேச்சுதான் எங்களை விடவில்லை.

மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் பேசி முடித்த பிறகு அது பையனின் அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. "கொஞ்சம் யோசிக்கணும்" என்று போனில் சொன்னார். யோசிக்கணும் என்றால் என்ன அர்த்தமென்று யாருக்குத் தெரியாது? பெண் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம்தான் அக்கா புருஷன் கிளினிக்குக்குள் வந்தான். கன்னம் இரண்டும் உள்ளே போய், வாயில் ஒரு பல் கூட இல்லாமல். எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்தது. அவன் போன பிறகு அக்கா இந்தக் கிளினிக்குக்கு மாறி வந்ததுதான் தெரியாது.

"நீ இங்கயா வேலை செய்யற? நல்லதாப் போச்சு. பொண்ணுக்குக் கல்யாணமாமே. அப்பன்னு நான் போய் நிக்கணும்ல? அதான் பல்செட் கட்டிக்கலாம்னு..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னறைக்கு ஓடினேன். "அக்கா, அந்த ஆளு வந்திருக்கான். செருப்பால அடிச்சு அனுப்பட்டுமா?"

அக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "வேண்டாம். நாற்காலியில உட்கார வை. அளவு நான் எடுக்கறேன்."

தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அக்கா பசையைக் குழைத்து, அளவு எடுக்கிற தட்டில் நிரப்பி, வாய்க்குள் ஏற்றி அழுத்திப் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். திறந்த கண் மூடவில்லை.

"அசையாதீங்க" என்றாள் அக்கா. "செட் ஆகிற வரைக்கும் பேசக் கூடாது. பேசினா அளவு கெட்டுடும்."

காற்று வரட்டும் என்று நான் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்க வேண்டுமே.

"எனக்கு யாரோட செட்டப் இருந்துச்சு? சொல்லுங்க. ஓ, பேச முடியாதுல்ல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இத்தனை வருஷமும். வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தன் கேட்டான், உனக்கு ராத்திரி துணைக்கு ஆள் வேணுமான்னு. உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்தவன் அவன். இப்ப உங்க பொண்ணு சோறு தின்னாமக் கிடக்கா. அதுவும் உங்க பேச்சாலதான். அப்பன்னு வந்து நிக்கப் போறீங்களா? எங்க நிப்பீங்க? கல்யாணம் நடந்தாத்தானே நிக்கறதுக்கு?"

"ம்... ம்ம்..." என்றான். எச்சில் தாடையில் வழிந்தது. பக்கத்து அறையில் டாக்டரம்மா கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். பசை எப்போதோ செட் ஆகிவிட்டது. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் தட்டை எடுக்கவில்லை.

மானமுள்ளவன் அத்தோடு ஓடியிருப்பான். அவனுக்குப் பல் வேண்டியிருந்தது, கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் சிரிக்க வேண்டியிருந்தது. மெழுகில் வைத்துப் பார்க்க, கடித்துப் பார்க்க என்று கூப்பிட்டபோதெல்லாம் வந்து வாயைத் திறந்துவிட்டுப் போனான். பல்செட் தயாரானதும் நான் எடுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கோணலாகச் செய்திருப்பாள் என்று ஆசை ஆசையாகப் பார்த்தேன். சே! முத்து மாதிரி இருந்தது.

அவன் கையை நீட்டினான். அக்கா டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பையன் வீட்டுக்குப் போகலாம் வாங்க. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டா இதையும் தர்றேன், கல்யாணத்துக்கும் வரலாம்."

"பல்லு இல்லாம அவங்க முன்னாடி எப்படிப் பேசறது? அசிங்கமா இருக்காதா? முதல்ல அதைக் குடு."

"பொய் சொன்னப்ப வாய் நிறையப் பல்லு இருந்துச்சு. உண்மையைச் சொல்ல ஈறு போதும்."

போனோம். பையனின் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அது... நான் சொன்னது பொய்ங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வேற ஒருத்தியோட இருந்தேன்." பாதி காற்றாக வந்தது.

அந்த அம்மாவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்புறம் அவனைப் பார்த்தார். "என்னங்க சொன்னீங்க? சரியாக் கேக்கலையே" என்றார். உள்ளே திரும்பி, "எல்லாரும் இங்க வாங்க, இவர் ஏதோ சொல்லணுமாம்" என்று குரல் கொடுத்தார். பையன், பையனின் அப்பா, அத்தை, வாடகைக்கு மாடியில் இருந்தவர்கள் வரைக்கும் வந்து நின்றார்கள்.

அவன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நானே கொஞ்சம் இளகியிருப்பேன்.

"கையை எடுங்க" என்றாள் அக்கா. "வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க."