சாரல் நாளில் தெளிப்பான்

எங்கள் வீட்டுப் புல்வெளிக்குத் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்களைச் சித்தப்பா பதித்தது ஆனி மாதத்தில். குற்றாலச் சாரல் தென்காசிவரை வந்து வாசலை நனைத்துக்கொண்டிருந்த நாட்கள். தெருவில் போனவர்கள் நின்று சிரித்துவிட்டுத்தான் போனார்கள். சித்தப்பா கண்டுகொள்ளவில்லை. மஸ்கட்டில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தவர். தன் கைவேலையில் குறை வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எனக்கும் அப்படித்தான். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் விடுதி வைத்திருந்த ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருடைய தோட்டக்காரர் மழையிலும் மோட்டாரை ஓடவிட்டுப் புல்லை அழுகவைக்கிறாராம். இது பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வருகிறவருக்குப் பிடித்துவிட்டால் சித்தப்பா மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்பதுதான். சித்தி அதற்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள். நானும் என் பங்குக்கு வேண்டிக்கொண்டேன். சித்தப்பா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மோட்டார் அறையின் மேல் ஒரு சின்னக் கருவி இருந்தது. அது நனைந்தால் புல்வெளிக்குத் தண்ணீர் வராது. நனைந்தால் எனக்குச் சளி பிடிப்பதுபோல அதற்கும் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டினேன். வருகிறவர் தண்ணீரைப் பார்க்காமல் போனால் சித்தப்பாவின் மானம் என்னாவது? அன்று மதியம் சாரல் தொடங்குமுன் ஏறி, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்தேன்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளிக்கும்படி அமைத்திருந்தது. விடுதிக்காரரைச் சாரலில் குடையோடு புல்லின் நடுவில் நிறுத்திச் சித்தப்பா சொன்னாராம்:

"இப்ப மணி அஞ்சு. மழை பெய்யுதுன்னு அதுக்கே தெரியும். சொட்டுத் தண்ணி வராது பாருங்க அண்ணாச்சி."

குழாய்முனைகள் புல்லுக்குள்ளிருந்து தலைதூக்கிச் சுழன்று சுழன்று அடித்தன. மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடுதிக்காரர் வேட்டியைப் பிழிந்தபடி, "மழையில இறைக்கதுக்கு எங்கிட்டயே ஆள் இருக்கான்லா," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். குற்றாலத்துக்காரருக்கு நனைவது என்ன புதுசா என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மா தேடுமுன் கிண்ணத்தை எடுத்துக் கழுவி அடுக்களையில் வைத்துவிட்டேன்.

சித்தப்பா ஏறிப் பார்த்தபோது கருவி சாரலில் நன்றாக நனைந்திருந்தது. திரும்ப ஓட்டிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவரை உடைத்தது. விடுதிக்காரரை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார் என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை.

"என்ன தப்புன்னே தெரியாம இன்னொருத்தர் இடத்துல எப்படிப் போட மைனி?" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதேயில்லை.

ஆடி பிறப்பதற்குள் விசா வந்துவிட்டது. விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறியவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்குத் தண்ணீர் வரவைத்ததே நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன்.