எட்டாம் தொப்பி

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றவை, இரண்டு, கண்ணை மூடிய என் தங்கை பெற்றவை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஏழு என்றுதான் சொல்வேன். அதைப் பிரித்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. இன்றைக்குப் பிரித்துச் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை வாசிப்பேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல என் மகனின் மகள் எழுதுகிறாள். அவளுக்கு என்னோடு கோபம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கடற்கரைக்குப் போகிறார்களாம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி வெயில் தொப்பி பின்னித் தர வேண்டுமாம். பன்னிரண்டும் பின்னுகிறேன், ஆனால் பன்னிரண்டு நிறத்தில்தான் பின்னுவேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரே மாதிரி இருந்தால்தானே அப்பம்மா வடிவு?" என்றாள்.

"வடிவுதான். ஆனா நான் பின்ன மாட்டன்."

"ஏன் எண்டு சொல்லுங்கோவன்."

சொல்கிறேன். எழுது.

கொக்கி ஊசி வேலையில் என்னை வெல்ல எங்கள் ஊர் பாலையூற்றில் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். சண்டை தொடங்க முன்னர் உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு வெள்ளைக்காரர் வந்து போன காலத்தில், மணலில் விரித்து உட்காரும் விரிப்பு, தண்ணீர்ப் போத்தல் போடும் வலைப்பை, இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுக்கும் ஏணை, வெயில் தொப்பி என்று எல்லாம் பின்னிக் கொடுத்தேன். என் தொப்பி கடற்காற்றுக்குப் பறக்காது. விளிம்புக்கு வரும்போது இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்து இறுக்கிப் பின்ன வேண்டும். ஒற்றை நூலில் பின்னினால் நாலு நாளில் விளிம்பு தொங்கி, நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் அவசரத்தில் வருகிற வேலை இல்லை. நான் எதையும் அவசரத்தில் செய்ததில்லை, ஒரு நாளைத் தவிர.

சண்டை வந்து வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். நாங்களும் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, கூரையை வேய்ந்து, மறுபடி இருந்தோம். என் மூத்த மகனுக்கு அப்போது பதினெட்டு. எங்கள் ஒழுங்கைத் தெருப் பெடியன்கள் ஒன்பது பேர் சேர்ந்து பந்தடித்தார்கள். கிரிக்கெட்தான். பிள்ளைகளை வீட்டுக்குள் எத்தனை நாளைக்குப் பூட்டி வைப்பது? ஓர்ஸ் ஹில் பெடியன்கள் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்குத் தங்கள் வெளிக்கு விளையாட வரச் சொன்னார்கள். வெறுந்தலையோடு போய் வெயிலில் நிற்கப் போகிறார்கள் என்று ஒன்பது பேருக்கும் தொப்பி பின்ன உட்கார்ந்தேன். அவர்களின் பந்துக்கும் போத்தலுக்கும் ஒரு வலைப்பையும் பின்னினேன்.

சாக்குக் கட்டும் பருத்தி நூல்தான் கிடைத்தது. வெள்ளை நூல் அழுக்கைக் காட்டும். அதனால் தேயிலைச் சக்கையை ஒரு கிழமை சேர்த்து, பெரிய பானையில் கொதிக்க வைத்து, நூலை அதற்குள் ஊறப் போட்டேன். மண் நிறம் அப்படியே பிடித்தது. எனக்கு நல்ல சந்தோசம். ஒரே பானை, ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்பதையும் வரிசையாகக் கொடியில் போட்டபோது ஒழுங்கையே வந்து பார்த்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த வார்த்தைதான் எனக்கு இனித்தது. அதைப் பார்க்க இன்னொரு கண்ணும் உண்டு என்று எனக்குப் படவில்லை.

ஒருவன் தொப்பியை இன்னொருவன் போட்டால் பேன் வரும். அதற்காக ஒவ்வொரு தொப்பியின் பின்பக்க விளிம்பிலும் நூலால் சின்னச் சின்ன மொட்டு வைத்தேன். முதல் தொப்பிக்கு ஒரு மொட்டு, அடுத்ததற்கு இரண்டு. என் மகனுக்கு ஏழு. ஏழு முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது.

"அக்கா, அடுத்தது என்ர பெடியனுக்குத்தானே? எட்டை வச்சுப் போடாதேங்கோ. அவனுக்கு இப்பவே அட்டமத்துச் சனி."

அவள் சொல்லாவிட்டாலும் நான் வைத்திருக்க மாட்டேன். எட்டு சனியனுடைய இலக்கம். எந்தத் தாய் பிள்ளையின் தலையில் அதை வைப்பாள்? எட்டைத் தாண்டி ஒன்பது வைத்தேன், பிறகு பத்து. அவளுடைய மகனுக்கு ஒன்பது கிடைத்தது. ஒன்பது பெடியன்கள், பத்து வரைக்கும் இலக்கம். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

போயா அன்று காலை ஆறு சைக்கிளில் ஒன்பது பேரும் தொப்பியோடு போனார்கள். பத்து மணி இருக்கும், மீன் விற்கும் முஸ்லிம் நானா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"அக்கா, உங்கட தொப்பிக்காரர் எல்லாரையும் ஆமிச் சென்றியில இறக்கி வச்சிருக்கிறாங்க. ஒரே உடுப்புப் போட்ட கூட்டம் எண்டு பேசிக்கிறாங்க. கெதியாப் போங்க."

ஒரே நிறம். மண் நிறம். வரிசையாகச் சைக்கிள். அப்போதுதான் அந்த இன்னொரு கண்ணால் பார்த்தேன். ஆமியின் கண்ணுக்கு அது துவக்குத் தூக்கிய இயக்கம்.

ஆம்பிளைகள் போனால் அவர்களையும் இருத்திவிடுவார்கள். அதனால் அந்தக் காலத்தில் இப்படியான இடத்துக்குப் பெண்கள்தான் போவோம். பெடியன்கள் விட்டுவிட்டுப் போன வலைப்பைக்குள் இரண்டு போத்தல் தண்ணீரும் தின்னப் பணிசும் போட்டுக்கொண்டு நான் முன்னுக்கு நடந்தேன். மற்றத் தாய்மார் பின்னுக்கு வந்தார்கள்.

சென்றிக் காவலரணில் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதில் ஒன்பது தொப்பியும் வரிசையாக இருந்தன. மொட்டு எண்ணித்தான் அடுக்கியிருந்தார்கள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு தொப்பி வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். பெடியன்கள் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் முழங்காலில் இருந்தார்கள். என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

பெரிய அதிகாரி கதிரையில் இருந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்த இளம் ஆமிக்காரன் ஒருவன் அவருடைய சிங்களத்தைத் தமிழில் மாற்றிச் சொன்னான்.

"அம்மா, யூனிபோம் யார் தந்தது?"

"யூனிபோம் இல்லை தம்பி. வெயிலுக்குத் தொப்பி. நான்தான் பின்னினனான்."

அதிகாரி விரலால் ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டார். ஏழில் நின்று, வெறும் இடத்தைத் தட்டினார்.

"எட்டு எங்க? எட்டு ஓடினதா?"

"எட்டே இல்லை. நான் பின்னயில்லை. எட்டு கூடாத இலக்கம், சனியன்ர இலக்கம். பிள்ளையளுக்கு வைக்க மனம் வரயில்லை."

அவன் அதைச் சொன்னான். அதிகாரி என்னைப் பார்க்காமலே ஏதோ சொன்னார்.

"நல்ல கதையாம். அஞ்சு மணிக்கு லொறி வரும். எட்டு வந்தா சரி. வராட்டி ஒன்பது பேரும் லொறியில போறது."

லொறியில் ஏற்றினால் எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது. ஏற்றப்பட்ட பிள்ளைகளைத் தேடி எத்தனை தாய்மார் வாசல் வாசலாக நடந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வாகை மரத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். ஒருத்தி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி அழவில்லை.

"உங்கட பெருமையில மண் விழ! ஒரே அச்சு, ஒரே அச்சு எண்டு கொடியில போட்டுக் காட்டினீங்கள்தானே? இப்ப அவங்களும் பாத்திட்டாங்கள்."

எட்டு வைக்காதே என்று நீதானே வேலியால் வந்து கேட்டாய் என்று என் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் சொன்னதில் பொய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வீட்டில ஒருத்தன் இருக்கிறான்தானே. தங்கச்சியின்ர பெடியன். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, இவன்தான் எட்டு எண்டு காட்டுவம். விளையாடாதவன், ஒண்டும் செய்ய மாட்டாங்கள்."

"அவன் முட்டுக்காரன். லொறித் தூசியில மூச்சு நிண்டுபோம்."

"உள்ள ஒன்பது பேர் அக்கா. அவன் ஒருத்தன்."

நான் உடனே மாட்டேன் என்று சொன்னேன் என்றுதான் இதுவரைக்கும் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சொல்லவில்லை. தகரக் கொட்டிலுக்குள் என் மகனின் குனிந்த பிடரி தெரிந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம், வீட்டில் இருக்கிறவன் நான் பெறாதவன் என்று நினைத்தேன். எட்டாம் தொப்பி அவனுக்குத்தான் என்று ஒரு குரல் எனக்குள்ளேயே சொன்னது. அது என் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை.

பிறகுதான் சொன்னேன். "எனக்கு வீட்டில இருக்கிறதும் உள்ள இருக்கிறதும் ஒண்டுதான். இன்னொருக்கா அந்தக் கதை கதையாதை."

கொக்கி ஊசியை நான் எப்போதும் கொண்டையில்தான் செருகி வைப்பேன். அதை இழுத்து எடுத்தேன். எதிர்ப்பக்கம் நின்ற காவற்காரன் சடாரென்று துவக்கை நிமிர்த்தினான். வெயிலில் பளபளத்த இரும்பு அவனுக்கு என்னவாய்த் தெரிந்ததோ! தாய்மார் எல்லோரும் நிலத்தோடு படுத்துவிட்டார்கள். நான் அசையவில்லை. ஊசியை உள்ளங்கையில் கிடத்தி நீட்டிக் காட்டினேன். தமிழ் தெரிந்தவன் ஓடி வந்து பார்த்தான், முனையை விரலால் தொட்டான், அங்கே ஏதோ சத்தம் போட்டான். துவக்கு இறங்கியது.

"என்ன செய்யப் போறது அம்மா?"

"எட்டைப் பின்னப் போறன்."

நூல் கையில் இல்லை. ஆனால் வலைப்பை இருந்தது, அதே பானை நூல். போத்தல்களை மண்ணில் வைத்துவிட்டு, பையின் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தேன். நுனியை இழுக்க இழுக்கச் சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. ஒருத்தி அவிழ்த்துத் தந்தாள், நான் உச்சியிலிருந்து பின்னினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து நூலை உருண்டையாகச் சுற்றினாள்.

நல்ல தொப்பிக்கு எனக்கு ஒரு முழுநாள் வேண்டும். அன்று கண்ணி தவறி, இரண்டு தரம் அவிழ்த்தேன். "மூண்டு மணி அம்மா," என்று அவன் தெருவைத் தாண்டிக் கூப்பிட்டான். பிறகு, "நாலு." அவன் அவசரப்படுத்தினானா, இரக்கப்பட்டானா, தெரியாது. விளிம்புக்கு இரட்டை நூல் போதாது போல இருந்தது. ஒற்றையில் விட்டிருக்கலாம். விடவில்லை. பையின் பிடியையும் அவிழ்த்தேன். கடைசியாக மொட்டு வைத்தேன். ஏழாவது மொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது லொறி வந்து, இயந்திரத்தை நிறுத்தாமல் வாசலில் நின்றது. தார்ப்பாய்க்குக் கீழே யாருடையவோ கால்கள் தெரிந்தன.

எட்டாவதை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எழும்பினேன். தெருவைத் தாண்டி மேசைக்கு முன்னால் போய்க் கொண்டையை அவிழ்த்தேன். கொண்டையோடு தொப்பி இறங்காது. நாலு பேர் முன்னால் நான் தலைமயிரை விரித்து நின்றது என் தாய் செத்த அன்று ஒரு தரம், இது ஒரு தரம். தொப்பியைப் போட்டேன்.

"சேர், எட்டு வந்திட்டுது. நான்தான் எட்டு."

இளம் ஆமிக்காரன் அதை மாற்றிச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தான். அதிகாரி எழும்பி என் பின்னால் வந்தார். விளிம்பில் அவர் விரல் ஒவ்வொரு மொட்டாகப் போவது தலையில் தெரிந்தது. எட்டிலும் நின்றது. முன்னால் வந்து முதற்தரமாக என் முகத்தைப் பார்த்தார்.

"சேனசுரா?" என்றார்.

அது அவர்கள் சனியனைச் சொல்லும் பெயர், எனக்குத் தெரியும். "ஓம் சேர். சனியன். அது எனக்கு இருக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. லொறிக்காரனோடு ஏதோ கதைத்தார். லொறி புறப்பட்டுப் போய்விட்டது. பெடியன்களை ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் கொடுத்து வெளியே விட்டார்கள். என் மகன் கடைசியாக வந்தான். நான் சொன்னதை நம்பித்தான் விட்டார்களா, அல்லது லொறிக்குள் இடமில்லாமல் விட்டார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னால் அது பொய். தார்ப்பாய்க்குக் கீழே பார்த்த கால்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள்.

ஒன்பது தொப்பியும் மேசையிலேயே நின்றுவிட்டன. என் தலையில் இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் வாசல் படலையில் நின்று சொன்னான், "அம்மா, இனி எனக்கு ஒண்டும் பின்ன வேண்டாம்." இன்று வரைக்கும் பின்னவில்லை. உள்ளே போனபோது தங்கையின் மகன் குசினி வாசலில் நின்றான். எல்லோரும் வந்தாச்சா பெரியம்மா என்று கேட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தொப்பி பின்னிவிட்டேன். ஒன்றைப் போல ஒன்று பின்னவில்லை. எட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. கடற்கரைக்குப் போனால் அதைத்தான் போடுவேன். விளிம்பு இன்னும் தொங்கவில்லை.

தங்கையின் மகன் இப்போது கிளிவெட்டியில் வயல் செய்கிறான். முட்டு இன்னும் விட்டபாடில்லை. அடுத்த கிழமை நெல் கொண்டு வருவான். வரும்போது அவனுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். என் வாயால் சொல்ல எனக்கு ஏலாது, அதனால்தான் எழுதச் சொன்னேன்.

எங்கே பிள்ளை, முதலில் எனக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி. ஒன்றையும் தாண்டாதே. அந்த ஒரு கணம் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.