அமலி அக்கா வீட்டுக் கதவு

என் தங்கை ஃபிளோரா கிராம செவிலியர். தரங்கம்பாடி, பொறையார் பக்கத்தில் அவள் ஸ்கூட்டர் நுழையாத தெரு இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்த கையோடு அந்த வீட்டுக் கதவின் உள்பக்கத்தையும் பெட்டி மூடியின் உள்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். ஒற்றைத் தாளில் அச்சடித்த பழைய கிறிஸ்மஸ் பாட்டு, கல்யாண வாழ்த்துப்பா, தேவதூதன் படம் போட்ட புதுவருஷ வாழ்த்து என்று எது கிடைத்தாலும் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே உறையில் போட்டு வைப்பாள். ஒரு மூலைகூட மடங்கியிருக்காது. என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் அவள் உண்மையில் தேடுவது ஒரே ஒரு தாளை. எங்கள் தாத்தாவின் அப்பா சபையில் வேதமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த உபதேசியார். அவர் கட்டிய கிறிஸ்மஸ் பாட்டை ஒரு வருஷம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் மேய்ப்பர்களுக்குப் பதில் கதிர் முற்றிய சம்பா வயலுக்கு ராக்காவல் இருக்கிறவர்கள் வருவார்கள். இரண்டாம் சரணத்தில், தேவதூதன் சொன்னதைக் கேட்டு வயலை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஓடுவார்கள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது உண்டு என்று தாத்தா சொல்வார்; அவருக்கும் வாயில் வராது.

"வயலு என்னண்ணே ஆச்சு? மாடு மேஞ்சிடுச்சா?" என்று சின்ன வயதில் என்னைக் கேட்டாள். இன்னும் கேட்கிறாள்.

போன வருஷம் அமலி அக்கா வீட்டில் அந்தத் தாள் அவள் கண்ணில் பட்டுவிட்டது. புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்தத் தாளை, போன வருஷத்துத் தாளின் மேலேயே ஒட்டுவது எங்கள் பக்கம் சில வீடுகளில் வழக்கம். வேத வசனத்தைக் கிழிக்க மனம் வராது. அமலி அக்கா வீட்டுக் கதவில் தாள் மேல் தாளாக ஏறி அட்டை போலத் தடித்திருந்தது. ஆக அடியில் இருந்த தாள் மட்டும் பெரியது. அதனால் தேவதூதனின் ஒரு சிறகும் முதல் சரணமும் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் உள்ளே.

"பிரிச்சுப் பாக்கலாமாக்கா?"

"மேல இருக்கிறது எங்க வீட்டுக்காரரு ஒட்டுனது. ஒட்டுன மாசமே போயிட்டாரு. அதுக்கு மேல நானே ஒண்ணும் ஒட்டல. நீ பிரிக்கப் போறியா?"

அதற்குப் பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் அடிக்கடி போனாள். "நீ வந்தாத்தான்டி எனக்கு பிரஷரே ஏறுது" என்றார் அமலி அக்கா.

இந்த வருஷம் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட ஆரம்பித்தபோது, அவரே கதவை எங்களிடம் ஒப்படைத்தார். "மழையில நனையாம வச்சிரு. பிரிக்கக் கூடாது."

கதவு எங்கள் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. ஃபிளோராவால் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டாள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாள். தாளின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கி, உடனே அழுத்திவிட்டாள்.

எனக்கே பொறுக்கவில்லை. "ஈரத்துணிய வச்சா மைதாப் பசை ஊறி வந்துடும். பாத்துட்டுத் திரும்ப ஒட்டிடு. அந்தம்மாவுக்குத் தெரியவா போவுது?"

"மேல இருக்கிறது கம்ப்யூட்டர் பிரிண்டுண்ணே. ஈரம் பட்டா சாயம் ஓடிடும். காஞ்சபடியே பிரிச்சா பொடிப்பொடியா வரும். அடியில இருக்கிறது பழைய அச்சு மை, அதுக்கு ஒண்ணும் ஆவாது. நம்மளுது தப்பிச்சிடும், அவங்களுதுதான் போவும்."

வேலை முடிந்து அமலி அக்கா கதவைக் கேட்டார். அன்று காலை ஃபிளோரா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றவள், குனிந்து கதவின் அடிக்கட்டையில் இருந்த சேற்றைத் துடைத்தாள். "லோடு ஆட்டோவக் கூப்பிடுங்கண்ணே" என்றாள்.

நான் ஆட்டோவில் கதவோடு போனேன். அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். அமலி அக்கா மேல் தாளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பிரிக்கலியா?"

"இல்லக்கா."

"நீ பிரிச்சிருப்பேன்னுதான் நெனச்சேன்." தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "சரி, அவரு ஒட்டுனத மட்டும் கெடாம எடுத்துத் தருவியா? தந்தா அடியில இருக்கிறத நீயே வச்சுக்க."

சரி என்று சொல்லச் சொல்லி நான் ஃபிளோராவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கெட்டுடும்க்கா. எப்படி எடுத்தாலும் கெட்டுடும்."

"அப்ப விடு" என்றார் அமலி அக்கா.

தச்சர் தியாகேசன் கீலைப் பொருத்த ஆரம்பித்தார். கதவின் மறுபக்கத்தை ஃபிளோரா பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கம் சுத்தியல் படாம பாத்துக்குங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அமலி அக்கா டீ போட்டு எடுத்துவந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறையார்ல என் நாத்தனா வீட்டுல ஒரு டிரங்குப் பெட்டி கெடக்கு. மூடிக்குள்ள இதே மாதிரி றெக்கை ஒண்ணு பாத்த ஞாபகம். கோழி றெக்கையோ என்னமோ, சரியாத் தெரியல."

"அவங்க இப்ப வீட்டுல இருப்பாங்களாக்கா?"

"டீயக் குடிச்சிட்டுப் போடி!"

தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பும் சத்தம் கேட்டது. கதவு ஒரு பக்கம் சாய, தியாகேசன் என்னைப் பார்த்தார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.