ஆக்சில் மேல் சூடாக்கிய புட்டு

போன சனிக்கிழமை என் மகள் அபி, நான் கட்டிக் கொடுத்த புட்டுப் பொதியை அலுமினியத் தாளால் இன்னொரு சுற்றுச் சுற்றி, தன் பழைய ட்ரக்கின் முன்மூடியைத் திறந்து என்ஜினுக்குப் பக்கத்தில் செருகினாள். வேல்ஸ் காடுகளில் மரங்களை அளந்து குறிக்கிற வேலை அவளுக்கு. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்த ட்ரக்கின் சக்கரம் என் இடுப்பு உயரம்.

"போய்ச் சேரேக்கை சுடச்சுட இருக்கும் அம்மா. மைக்ரோவேவே தேவையில்லை" என்றாள். பிறகு, போகிற போக்கில், "அடுத்த கிழமை பின் ஆக்சிலை ஸ்ட்ரோங் பண்ணப் போறம். என்ர ஃபிரண்ட் வெல்ட் பண்ணித் தருவான்."

நான் வாசல் மதிலில் உட்கார்ந்துவிட்டேன். சுகர் இறங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

ட்ரக் நின்ற இடத்தில் எண்ணெய் ஒரு சொட்டு கிடந்தது. தொட்டு முகர்ந்தேன். ஆக்சிலுக்குள், அதாவது இரண்டு சக்கரங்களை இணைக்கிற அச்சுக்குள், ஊற்றுகிற எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு, கூழ்முட்டையும் கந்தகமும் கலந்ததுபோல. சவர்க்காரத்துக்குப் போகாது. என் முதல் வேலையில் மூன்று வருடம் அந்த நாற்றத்தோடுதான் ரயிலில் வீட்டுக்கு வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போவார்கள். என் நிறத்தைப் பார்த்துத்தான் எழும்புகிறார்கள் என்று நெடுநாள் கோபப்பட்டேன். ஒருநாள் ஒரு தமிழ் அம்மாவே எழுந்து போனபிறகுதான் விஷயம் விளங்கியது.

வெம்பிளியில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கராஜ். சேற்றிலும் மலையிலும் ஓடுகிற ட்ரக்குகளுக்குப் பின் ஆக்சில் மாற்றிக் கொடுப்பது தொழில். பெரிய டயர் போட்டால் கம்பனி கொடுத்த ஆக்சில் தாங்காது. பாரமான வேறு வண்டியின் ஆக்சிலைத் தேடி எடுக்கவேண்டும். பொறியியல் படித்தவள் என்பதால் தேடுவதும் அளப்பதும் என் பொறுப்பு. அகலம், பற்சக்கரத்தின் பல்லுக் கணக்கு, ஸ்பிரிங் இருக்கும் இடம், குழாயின் தடிப்பு எல்லாம் பார்க்கவேண்டும். முன் ஆக்சிலோடு பல்லுக் கணக்கு ஒத்துவராவிட்டால் வண்டி தன்னோடு தானே சண்டை பிடிக்கும். "பிள்ளை இண்டைக்கும் சாதகம் பாக்குது" என்பார் பரம் அண்ணை. "பொருத்தம் எத்தினை எண்டு சொல்லும், தாலி கட்டுறது நான்."

தாலி என்று அவர் சொன்னது வெல்டிங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அந்தக் கராஜில் தமிழர் நாங்கள் இருவரும்தான். அவருடைய வெல்டிங் ஒட்டைப் பார்த்தால் தையல் மெஷினில் தைத்ததுபோல் இருக்கும். ஆக்சிலின் நடுவில் உருண்டையாக ஒரு வார்ப்பிரும்பு இருக்கும், நாங்கள் பூசணி என்போம். அதன் இரண்டு பக்கமும் உருக்குக் குழாய்கள் செருகியிருக்கும். மலையில் ஏறும்போது குழாய் பூசணிக்குள் சுழன்றுவிடாமல் சுற்றிவர ஒட்டுவதுதான் பலப்படுத்தும் வேலையில் முக்கியமானது. ஒட்ட முதல் பூசணியைச் சூடாக்கவேண்டும். ஒட்டியபின் நெருப்புப் பிடிக்காத போர்வையால் மூடி, மறுநாள் காலைவரை மெல்ல ஆறவிடவேண்டும். வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும்.

எங்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பரம் அண்ணையின் மனைவி தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துப் புட்டும் கறியும் கட்டி அனுப்புவா. மதியத்தில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை, அன்று காலை ஒட்டிய ஏதாவது உருக்குத் துண்டின் மேல் வைத்துச் சூடாக்குவோம். உருக்குக்கு அதனால் ஒன்றும் இல்லை. மைக்ரோவேவ் ஒன்று இருந்தது, ஆனால் அதில் சூடாக்கிய புட்டு செத்த புட்டு என்பது அண்ணையின் கட்சி. பிறகு அதுவும் எரிந்துபோனது.

அது ஒரு தைமாதம். அபி என் வயிற்றில் ஆறு மாதம். காலையில் சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை. மதியம் நல்ல பசி, ஆனால் ஆறின புட்டை வாயில் வைத்தால் ஓங்காளித்தது. அன்று கராஜில் சூடான இரும்பு ஒன்றுதான், காலையில் ஒட்டிப் போர்வையால் மூடியிருந்த ஆக்சில்.

"அண்ணை, அதிலை வைக்கேலாதோ?"

"ஏலாது பிள்ளை. உது வார்ப்பு. மூடினபடி கிடக்கவேணும்."

என் கண் கலங்கியிருக்கவேண்டும். அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் கலங்கும். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், போர்வையின் இடது பக்கத்தை மடித்து, பெட்டியை வைத்தார்.

"அவசரப்படாமல் சாப்பிடும். வயித்துப் பிள்ளையைப் பட்டினி போட்டிட்டு எனக்கென்ன ஆக்சில்."

போர்வை மடிந்தபடி இருபது நிமிடம் இருக்கும். இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது, பனிக்காற்று வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே பெட்டியில் சாப்பிட்டோம். நடுவில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன்.

"இரும்பு ஆறேக்கை கதைக்கும்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. புட்டு அவ்வளவு ருசி.

வெடிப்பைக் காட்டுகிற சிவப்புச் சாயம் அலமாரியில் இருந்தது. பூசித் துடைத்தால் சொற்ப நேர வேலை. மறுநாள் காலையில் அவரும் அதைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் முதலாளி ஏன் என்று கேட்பார். டோர்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்தார். சோதனைத் தாளில் 'சரி' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டியவன்தான் முதல் ஓட்டத்தில் ஏறவேண்டும் என்பது அந்தக் கராஜின் வழக்கம். லண்டனுக்கு வெளியே பழைய கல்லுக்குழி ஒன்றில், ட்ரக்கின் சொந்தக்காரர் ஓட்ட, பரம் அண்ணை பக்கத்தில் இருந்தார். மேட்டில் பாதி ஏறியபோது இடது குழாய் பூசணியை விட்டுக் கழன்றது. சக்கரம் தனியாக உருண்டு போக, ட்ரக் அவர் இருந்த பக்கமாகச் சரிந்து புரண்டது. ஓட்டியவருக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது.

பரம் அண்ணை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தார். இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். மனைவி தேத்தண்ணி எடுக்க வெளியே போன நேரம், கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சாப்பாட்டுக் கதையை விட்டிடும் பிள்ளை. ஒருத்தருக்கும் தேவையில்லை."

விசாரணைக்கு வந்தவர் போர்வை எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று கேட்டார். மறுநாள் காலைவரை என்றேன். ஒட்டியவரின் பிழை என்று முடிந்தது. புருஷன் அவருடைய கைப்பிழையாலேயே போனார் என்று சொன்ன விசாரணைக் கடிதத்தை அவருடைய மனைவி கையில் பிடித்து வாசித்தா. அபி பிறந்தபோது அதே கைகளால் எனக்குப் பத்தியக்கறி சமைத்துக் கொண்டுவந்தா. "அவர் இருந்திருந்தா என்னைச் சும்மா இருக்க விட்டிருக்கமாட்டார்" என்றா. நான் சாப்பிட்டேன். சொல்லவில்லை. பிறகு மெல்ல மெல்லப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டேன். வீடு மாறினேன், வேலையை விட்டேன், கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றினேன். பயந்தவர்களுக்குக் கால்கள் நன்றாக வேலை செய்யும்.

அன்றைய சாப்பாட்டுப் பெட்டி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கழுவித் தருகிறேன் என்று வாங்கி வந்தது. மூடியில் ஆணியால் கீறிய 'பரம்'.

அபி போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அதை எடுத்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத் போனேன். என்ன சொல்வது என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஓர் இளைஞர். அந்த அன்ரி இறந்த பிறகுதான் தாங்கள் வந்ததாகவும், மூன்று வருடம் ஆகிறது என்றும் மரியாதையாகச் சொன்னார். உள்ளேயிருந்து ஏதோ வதங்கும் வாசம் வந்தது. புட்டு அல்ல.

ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து அபிக்குப் போன் எடுத்தேன். பின்னால் ட்ரக்கின் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"முற்றத்திலைதான் நிக்கிறன், சொல்லுங்கோ."

"அந்த வெல்டிங் முடிஞ்சால், விடியும்வரை போர்வையை ஒருத்தரும் தொடக்கூடாது. ஆர் பசியெண்டாலும். பிறகு சாயம் பூசிப் பாக்கவேணும். நான் வந்து பாக்கிறன்."

"அம்மா, ப்ளீஸ். உங்களுக்கு எப்பிடி உதெல்லாம்—"

சொன்னேன். எல்லாவற்றையும், அந்த 'டிக்' சத்தம் வரைக்கும். இரண்டு ரயில்கள் வந்து போயின.

"அந்தக் கராஜ் இருக்கா?"

"மாடிவீடு கட்டிப்போட்டாங்கள்."

"அந்த அன்ரி?"

"இல்லை."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"இனி உனக்கு மட்டுந்தான்."

மறுமுனையில் என்ஜின் நின்றது.