ட்ரேயில் வந்த இரண்டாவது டியூப்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிண்டல் வேறு செய்வேன். போதாததற்கு லேப் வேலை, எதையும் சந்தேகப்பட்டே பழகிய புத்தி. நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இரட்டை ஆண் குழந்தைகள். மூத்தது பிறக்கும்போதே உயிரில்லை. தகப்பன் காலையிலேயே ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார். இளையது நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

மத்தியானம் நர்ஸ் செல்வி ட்ரேயை வைத்துவிட்டுப் போனாள். அதில் இரண்டு டியூப், ஒன்றில் மூத்தது என்றும் மற்றதில் இளையது என்றும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வேலை மும்முரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன். பெரிய வித்தை இல்லை, ரத்தத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு, கண்ணாடியில் கலந்து ஆட்டினால் நோய் இருக்கிற ரத்தம் பால் திரிந்த மாதிரி கட்டும். இளையவனுடையது கட்டவில்லை. மூத்தவனுடையது உடனே கட்டியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, மூத்தவன் மண்ணுக்குள் அல்லவா இருக்கிறான்.

செல்வியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஒரு டியூப்தான்ணே எடுத்தேன், எம் பிள்ள மேல சத்தியம்" என்றாள். வேறு குழந்தையின் ரத்தமோ என்றால், அன்றைக்கு வார்டில் வேறு குழந்தையே இல்லை. ஆயாவைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன்.

டாக்டரம்மா என்னைத்தான் சந்தேகப்பட்டார், தூங்கி எழுந்து வந்தாயா என்றார். ஆனாலும் ஒரே வயிற்றில் கிடந்த பிள்ளைகளாயிற்றே என்று முணுமுணுத்தபடி போய்ப் பார்த்தால், இளையவன் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறான். அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசியை ஆரம்பித்தார். சாயங்காலம் எடுத்த ரத்தம் கட்டியது. காத்திருந்தால் பிள்ளை போயிருக்கும் என்று அவரே சொன்னார். மூத்தவன் பெயரில் வந்த டியூப் விஷயம் தாய் காதுக்குப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நான் அதை ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் அந்தப் பெண் சுவரைப் பிடித்து நடந்து லேப் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, பெரியவன் ரத்தம் ஒங்ககிட்டதான இருக்கு? அவன் இன்னும் உள்ள இருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க."

ஃப்ரிட்ஜ் பூட்டைத் திறந்து எடுத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது, பிளாஸ்திரி அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கறைகூட இல்லை. காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை, அழவுமில்லை.

"அப்பச் சரிண்ணே. சின்னவன் பொழச்சுக்கிருவான்."

அன்று சாயங்காலம் அவன் பால் குடித்தான், பிழைத்தும் விட்டான்.

டியூப்பை யாரோ மாற்றியிருக்கலாம், கள்ளச்சாவி போட்டுக் கழுவியும் வைத்திருக்கலாம், அதையெல்லாம் எப்படியாவது நம்பிவிடுவேன். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று செல்வி, ஆயா, டாக்டரம்மா எல்லாரையும் குடைந்து பார்த்துவிட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், பூட்டியிருந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.