மூச்சு தணிந்தபோது

ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போட்டே தேய்ந்துபோன உடம்பு அக்காவுக்கு. ஆனாலும் ஆஸ்பத்திரி ஸ்டூலை விட்டு அவள் அசையவில்லை. கட்டிலில் தம்பி, பஸ் டிரைவர், படுத்த இடத்திலேயே மலையேறுகிறவன் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

சின்ன வயசிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை. தினம் தினம் இன்சுலின் ஊசி. நேற்று வயிற்றைப் புரட்டி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை.

"ஒரு வாய் சாப்பிடல, உனக்கு எதுக்குடா ஊசி? மயங்கி விழவா?" என்று மருந்தை எடுத்து ஒளித்து வைத்தாள்.

"நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சே?"

"உன்னை வளர்த்த காலேஜ்லதான்."

யார் சொல்லிக் கேட்கிற ஜென்மம் அவள்? விடிந்ததும் மூச்சு இப்படி ஆகிவிட்டது. வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஊசியை யாரும்மா நிறுத்தினது?" நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்."

நர்ஸ் திட்டவில்லை. சலைனைச் சரிபார்த்தபடி சொன்னாள்: "சாப்பிடலன்னாலும் இன்சுலின் வேணும்மா. அது இல்லாம உடம்பு கொழுப்பை எரிச்சு எரிச்சு, ரத்தத்துல அமிலம் சேர்ந்துபோச்சு. ரத்தத்துலயே சோடா உப்பு மாதிரி ஒண்ணு இருக்கு. வர்ற அமிலத்தை அதுதான் தாங்கிக்கும். இவருக்கு அது தீர்ந்துட்டு வருது. அது அமிலத்தைத் தாங்கும்போது கரியமில வாயு வரும். அதைத்தான் நுரையீரல் இப்படி ஊதித் தள்ளுது."

"கிட்னி ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணும். அமிலத்தைக் கழிச்சு, புதுசா அந்த உப்பைச் செய்யும். ஆனா அதுக்கு நாளாகும்."

"அப்ப மூச்சு மட்டும்தான் ஒத்தையா இழுத்துட்டுக் கிடக்குதா?"

"ஆமாம்மா. அது களைச்சுப் போறதுக்குள்ள மருந்து வேலை செய்யணும்."

சாயங்காலம் மூச்சு தணிந்தது. காலையிலிருந்து எதற்காக ஏங்கினாளோ அதுவே வந்ததும் அவள் ஸ்டூலை விட்டு எழுந்து அவன் முகத்தருகே குனிந்தாள். தேறிவிட்டதா, களைத்துவிட்டதா? கன்னத்தைத் தட்டினாள்.

"டேய்."

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், டெப்போவுல கூப்பிடறாங்கடா."

"லீவு சொல்லிடு," என்றான், கண்ணைத் திறக்காமலே.

சிரிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை. நர்ஸ் ரத்தம் எடுத்துப் போய்த் திரும்பி வந்தாள். "அமிலம் குறையுதும்மா. இன்னும் கொஞ்சம் இருக்கு. இனி பயமில்லை."

நர்ஸ் போனாள். அக்கா போர்வையை இழுத்துவிட்டாள்.

"மருந்தை ஒளிச்சு வச்சது தப்புதாண்டா."

"நான் அப்பவே சொன்னேன்ல."

"சொன்னே, சொன்னே. பேசாமத் தூங்கு."