நாலு கம்பி சண்முகப்ரியா

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் நான்கு கம்பிகளையும் வளையம் வளையமாகச் சுற்றி உள்ளே இறக்குகிறாள். தடித்தது முதலில், மெல்லியது கடைசியில். கைப்பேசியில் பத்து நிமிடம் குறித்துவிட்டு, அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கம்பிச் சுருள்களின் இடுக்கில் ஏறிய விரலழுக்கும் மேடைப் புழுதியும் கழன்று தண்ணீர் கலங்குகிறது. அந்தப் பாத்திரத்தை அம்மா ரசம் வைக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்கண்ணு, இடியாப்பம் வெந்துருச்சா? தேங்காப்பால் புழியட்டுமா?"

"இன்னும் மூணு நிமிசம் இருக்குதுங்மா. சக்கரை தூக்கலாப் போடுங்க."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சமையல் உண்டு. பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி ஒரு செட் வாங்கப் போனால், கிட்டாரின் விலையில் கால் பங்கைக் கேட்கிறார்கள். பழைய கம்பியை வேகவைத்துத் துடைத்து மறுபடி பூட்டினால் ஒரு மாதத்துக்குப் புதுசு மாதிரி கணீரென்று பேசும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. யாரோ ஒருவர் எங்கோ செய்ததைக் கைப்பேசியில் பார்த்தாள், மறுநாளே செய்துபார்த்தாள்.

சண்முகப்ரியாவுக்கு இருபத்தெட்டு வயது. கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை. எரிந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றுக் கணக்குப் பிசகாமல் உள்ளே அடுக்குவாள். ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடேறும். ஒன்பது வருடமாக அவள் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார், அதுவும் அவள் இல்லாதபோது. அந்த வேலையில் காய்ப்பு ஏறிய விரல்களுக்கு பேஸ் கம்பியின் தடிமன் ஒரு பொருட்டாகவே இல்லை.

கிட்டார் பத்தாயிரத்துக்குள் வாங்கியது. தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பேர் முதல் வருடமே உரிந்துவிட்டது. அந்தப் பேர் யாருக்கும் தெரியவும் தெரியாது. எடை நாலு கிலோ. வாங்கியபோது கழுத்து லேசாக வளைந்திருந்தது. பட்டறையிலிருந்து எல்-வடிவச் சாவியைக் கொண்டுவந்து, நாளைக்குக் கால் திருகு வீதம், ஒரு வாரம் பொறுமையாகத் திருகி நிமிர்த்தினாள். ஒரே நாளில் திருகியிருந்தால் ஒடிந்திருக்கும். அவசரப்படாத கை அவளுடையது.

வீட்டில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கிடையாது. அதனால் கிட்டாரின் கொம்பை மர பீரோவின் கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பாள். கதவு முழுக்க அதிர்ந்து ஒலி எழும். உள்ளே அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளும் கூடவே கிணுகிணுக்கும். "பீரோவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துருச்சு" என்பாள் அம்மா.

அவளுடைய காது தனி. பட்டறையில் ஓடும் மோட்டார்களைக் கேட்டுவிட்டு வந்து அண்ணன் மாசாணத்திடம் ஒருநாள் சொன்னாள்: "நம்மூரு மோட்டாரெல்லாம் ஒரே சுருதிங்ண்ணா. தடிக்கம்பியில மூணாவது கட்டைய அமுக்குனா வருதில்ல, அதுக்கு ஒரு முடி மேல. கரண்டோட சுருதியே அதுதான்." மாசாணம் எட்டாவது வரை படித்தவன். பம்பு கம்பெனியில் ஷாஃப்டுகளை அளந்து, தலைமுடி அளவு பிசகினாலும் தள்ளிவைக்கிற வேலை. 'ஒரு முடி மேல' என்று அவள் சொன்னது அவனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வீட்டு ஃபிரிஜ் உறுமினாலும் நின்று கேட்கிறான்.

அவன் வயிறெரிவது ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான். மூன்று வருடமாக அவள் ஒரு இசைக்குழுவில் வாசிக்கிறாள். பல்லடம், வெள்ளகோவில், காங்கேயம் என்று எத்தனையோ கல்யாண வரவேற்புகள். எந்த மண்டபத்திலும் ஒரு பெரிய மனிதர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மேடையோரம் வந்து, "ஏனுங் அம்மணி, ரெண்டு கம்பி அத்துப்போச்சுங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, இதுக்கு நாலுதானுங்க" என்பாள். அவருக்கு அதில் திருப்தி இருக்காது. பாவம், வசதியில்லாத பிள்ளை என்ற முகத்தோடு வெற்றிலையை மடிப்பார். நூறு பேருக்கு நூறு முறை பதில் சொன்னவளுக்குச் சலிக்கவில்லை. கீழே நின்று கேட்ட மாசாணத்துக்குச் சலித்துவிட்டது.

வீடியோக்காரர்கள் அதைவிட மோசம். பாடகியைக் காட்டுவார்கள், டிரம்ஸைக் காட்டுவார்கள், குழந்தை ஐஸ்கிரீம் தின்பதைக்கூட இரண்டு நிமிடம் காட்டுவார்கள். அவள் வந்தால் அரை நொடி, அதுவும் முகம் மட்டும். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கு மாசாணம் ஒருமுறை கைப்பேசியில் போட்டுக் காட்டினான். "கேளுங்க, இதுதான் எந்தங்கச்சி வாசிக்கிறது" என்றான். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். அந்தச் சுண்டைக்காய் ஸ்பீக்கரில் பேஸின் அடிக்குரல் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. "எதுங்க மாசாணம், அந்தப் புல்லாங்குழலா?" என்று ஒருவர் கேட்டார். மறுநாளே அவன் நல்ல ஹெட்செட் ஒன்று வாங்கி, சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவர் காதிலும் மாட்டினான். கேட்ட பிறகுதான் சாப்பிட விட்டான்.

குழுவை நடத்துகிறவர் சென்னகிருஷ்ணன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயெடுத்தால் பணிவு. மேடையில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவார். டிரம்ஸ்காரருக்கு ஒரு பட்டம், கீபோர்டு கோவிந்தராஜுலுவுக்கு இரண்டு பட்டம். இவள் முறை வந்தால், "நம்ம ஸ்டேஜுக்கு அழகா ஒரு அம்மணியும் இருக்காங்கோ" என்று கையை வீசிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் பேரைச் சொன்னதில்லை. அவள் எதற்கு அங்கே நிற்கிறாள் என்று சொன்னதும் இல்லை.

இந்த வைகாசியில் ஒரு தொல்லை தொடங்கியது. பாட்டுக்கு நடுவில் அமைதி வந்தால் போதும், ஸ்பீக்கர்களில் இருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல். வெள்ளகோவிலில் மாப்பிள்ளையின் மாமா எழுந்து வந்து, "மேடைக்கடியில மிசினு எதாச்சும் ஓடுதுங்களா?" என்று கேட்டுவிட்டார். சென்னகிருஷ்ணன் கிட்டாரைத்தான் கைகாட்டினார்.

"வெலைக்குத் தகுந்த சத்தந்தானே வரும் அம்மணி. மலிவுல வாங்குனா மொனகத்தான் செய்யும்."

அவள் வீட்டுக்கு வந்து கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே குழி முழுக்கச் செம்புத் தகட்டை ஒட்டி, எர்த் வயரைப் புதிதாகப் பற்றவைத்தாள். பட்டறைக்குப் பழுது பார்க்க வந்திருந்த ஒரு ஆம்பில் மாட்டிப் பார்த்தபோது ஊசி விழுந்தால் கேட்கும்; அவ்வளவு சுத்தம். அடுத்த நிகழ்ச்சியில் மறுபடி 'உம்ம்ம்'. சென்னகிருஷ்ணன் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான் கட்டுன மோட்டாரே திரும்பி வந்தாப்ல இருக்குதுங்ண்ணா" என்றாள் வீட்டில். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை மாசாணம் அதற்கு முன் கேட்டதில்லை.

உடுமலைப்பேட்டை வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பு சென்னகிருஷ்ணன் போன் செய்தார். பேஸ் பகுதியை இனிமேல் கோவிந்தராஜுலு கீபோர்டிலேயே இடது கையால் வாசித்துவிடுவார், அவள் வரத்தான் வேண்டும், மேடை நிறைந்த மாதிரி இருக்கும் என்றார். "வயரு மட்டும் சொருக வேண்டாங் கண்ணு. சும்மா கைய அசைச்சாப் போதும். யாருக்குத் தெரியப்போவுது?"

போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நேர்ல பேசிப் பாக்கறேனுங்ண்ணா. பொம்மையாட்ட நிக்கறதுதான் வேலைன்னா, இந்த மேடையோட நிறுத்திக்கறேன். வேற குழு எதுவும் பொம்பளப்புள்ள பேஸ் வாசிக்கறேன்னு போனா எடுக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன்."

மாசாணம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, குழுவின் வேனில் அவளோடு போனான். நாலு கிலோ கிட்டாரை மடியில் அவனே வைத்துக்கொண்டான். வழி நெடுக தென்னந்தோப்புகள். முன்சீட்டில் சென்னகிருஷ்ணன் பாட்டு வரிசை எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு முறை பேச்செடுத்தாள். இரண்டு முறையும், "மண்டபத்துக்குப் போயிப் பேசிக்கலாங் கண்ணு" என்றார்.

மண்டபத்தில் பேச நேரமில்லை. மணமக்கள் வந்துவிட்டார்கள். அவள் வழக்கம்போல வயரைச் செருகிக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். சென்னகிருஷ்ணன் புன்னகை மாறாமல் மேடையைக் கடந்து வந்து, குழந்தை கையில் இருக்கும் கத்தரிக்கோலைப் பிடுங்குகிற மாதிரி கிட்டாரில் இருந்து வயரை உருவினார். குழு அவளுக்குக் கொடுத்திருந்த ஆம்பின் சுவிட்சையும் அணைத்தார். முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் மாசாணம் பாதி எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கல்யாணத்தில் கத்தக்கூடாது என்பதற்காக மட்டும்தான் உட்கார்ந்தான்.

முதல் பாட்டு முடிந்தது. அவள் கையை அசைக்கவில்லை; நாலு கம்பியின் மேலும் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. அந்த அமைதியில் ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து முனகின.

உம்ம்ம்.

மாசாணம் தரையில் கிடந்த வயரைப் பார்த்தான். அணைந்து கிடந்த ஆம்பைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்துக்கோங்க. கிட்டாருல வயரே இல்லீங்க" என்றான். அவர் யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

மண்டபத்தின் பின்பக்கம் குழுவின் ஒலி மிக்சரில் இருந்த நசுருதீன் தலையைத் தூக்கினார். கோட்டைமேட்டுக்காரர், இருபத்தைந்து வருடமாக சவுண்டு போடுகிறவர், தேவையில்லாமல் பேசாதவர். மிக்சரில் அவள் கிட்டாருக்கான பொத்தானை முழுக்க இறக்கினார். முனகல் குறையவில்லை. மேடையை நோக்கி நடந்து வந்தார்.

அதற்குள் அவள் ஒவ்வொரு பெட்டிக்கும் காது கொடுத்துக்கொண்டே போய், கீபோர்டுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டார் தோளில்தான் தொங்கியது. கீபோர்டின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் பிளக்கை உருவியதும் முனகல் நின்றது. பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று பின் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது.

"எர்த்துக் காலு எங்கீங்க, ராஜுலுண்ணா?"

"அதுவா அம்மணி... ஒரு மண்டபத்துல ரெண்டு ஓட்டை பாக்சுதான் இருந்துச்சு. எறங்கவே மாட்டேன்னுச்சு. ஒடிச்சுப்போட்டேன்."

"எப்பங்க?"

"வைகாசி இருக்கும்."

நசுருதீன் பிளக்கை வாங்கிப் பார்த்தார். "எர்த்த ஒடிச்சுட்டு மூணு மாசமா இந்தப் புள்ளயோட கிட்டாரத் திட்டிட்டு இருந்தீங்களாக்கும்" என்றார். நல்லவேளை, மைக் அவர் பக்கத்தில் இல்லை. தன் பெட்டியிலிருந்து வேறு வயர் கொண்டுவந்து மாட்டினார். ஸ்பீக்கர்கள் உயிரோடு இருந்தன, முனகல் இல்லை. அவளிடம், "நானும் அந்தப் பொட்டியப் பாத்திருக்கோணும். எம்மேலயும் தப்புத்தான்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மூன்று மாதத்துக்கும் சேர்த்து அந்த மேடையில் தப்பை ஒப்புக்கொண்டது அந்த ஒரு மனிதர்தான். இத்தனைக்கும் அதில் அவர் பங்குதான் ஆகக் குறைவு.

கோவிந்தராஜுலு கீபோர்டைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அதில் தூசி எதுவும் இல்லை. சென்னகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"அதான் சரியாப்போச்சுல்ல கண்ணு. நல்லதாப் போச்சு. எடுத்துச் சொருகிக்க, அடுத்த பாட்டு ஆரம்பிக்கலாம்."

அவள் தன் இடத்துக்குப் போய் நின்றாள். ஆம்பின் சுவிட்சைப் போட்டாள். தரையில் கிடந்த வயரை எடுக்கவில்லை.

"சனமெல்லாம் பாக்குது அம்மணி."

"நான் உருவலீங்களே."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். மூன்றாம் வரிசையில் இருந்த மாசாணத்துக்கு உதட்டசைவிலேயே புரிந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். பாடகி ஒருமுறை தொண்டையைச் செருமினாள். மணப்பெண் என்ன நடக்கிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

சென்னகிருஷ்ணன் வயரை எடுத்தார். அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கிட்டாரின் அடிப்பக்கம் அவருக்குத் தெரியும்படி இடுப்பை லேசாகத் திருப்பிக் கொடுத்தாள். வயர் செருகும் துளை கீழே, அவருடைய முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தது. அவர் மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஐந்நூறு பேர் பார்க்கக் குனிந்தார். முதல் முறை துளை தவறியது. வயர் டக்கென்று உள்ளே இறங்கும் வரை அவள் கையை முன்னால் கொண்டுவரவில்லை.